வெள்ளை சீட்டும் ஒரு போத்தல் தின்னரும்

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி ஸ்கூட்டரோடு வந்தார். பால் நிற சீட். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ரெக்சின் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "ஜீன்ஸ் கறை போகவே இல்லை அண்ணா. தின்னர் போட்டுத் துடைச்சேன், பளிச்சென்று வந்தது. மூன்று மாதத்தில இப்படி ஆயிட்டுது" என்றார். கொட்டாஞ்சேனையில் 16 வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். வெள்ளை சீட் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதே கதைதான்.

சீட்டில் இருப்பது தோல் அல்ல, துணியின் மேல் பிவிசி பூசிய ரெக்சின். பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதில் செய்ததுதான். அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். தின்னரும் பெற்றோலும் நெயில் பொலிஷ் ரிமூவரும் கறையோடு சேர்த்து அந்த எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிடும். அன்றைக்குப் பளபளப்பாகத்தான் தெரியும். அப்புறம் கொழும்பு வெயிலில் நாள் முழுக்க நிற்கும்போது மேல்பக்கம் விறைத்து வெடிக்கும். பெற்றோல் இன்னும் ஆபத்து. அதன் ஆவி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். வண்டிப் பக்கத்தில் பெற்றோல் துணியோடு யாரைக் கண்டாலும் கையைப் பிடித்து நிறுத்திவிடுவேன்.

ஜீன்ஸின் நீலம் இன்டிகோ என்ற சாயம். அது நூலின் வெளிப்புறத்திலேதான் அதிகம் தங்கியிருக்கும், அதனால் உரசினால் கழன்றுவிடும். வியர்வை, மழை ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் மேலே படிந்திருக்கிற சாயம், நாள் போகப் போக ரெக்சினுக்குள் ஊறிப்போகும். அன்றைக்கே பார்த்தால் சோப்புத் தண்ணீரே போதும்.

சீட் நிழலில் நன்றாக ஆறட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, மெதுவான பழைய பல் பிரஷால் வட்டமாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், ஹோஸ் பிடித்து அடிக்காதீர்கள். போகாவிட்டால் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கிறது. அதுவும் தீப்பிடிக்கும், ஆகவே சீட்டைக் கழற்றி வெளிக்காற்றில் வைத்துச் செய்யுங்கள். பஞ்சில் தொட்டு முதலில் சீட்டின் அடியில் மடித்திருக்கும் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் ரெக்சினின் நிறம் ஏறவில்லை என்றால் மட்டும் கறையில் வையுங்கள், உடனே ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் லேசான நீலம் நின்றால் சரி, விட்டுவிடுங்கள். நிழல் போன்ற அந்தக் கறையோடு சீட் பல வருடம் உழைக்கும். பற்பசையும் மெஜிக் ஸ்பொஞ்சும் மேல்பூச்சை அராவி எடுப்பவை. அராவிய இடத்தில் அடுத்த கறை இன்னும் வேகமாக ஏறும்.

தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெயில் சற்று ஊறவிட்டு, வழித்து, சோப்புப் போடுங்கள். மழைக்கு சொப்பிங் பேக் கட்டுகிறவர்கள் அச்சடித்த பக்கம் சீட்டில் படாமல் கட்டுங்கள். வெயிலில் அந்த எழுத்து அப்படியே தலைகீழாக ரெக்சினில் ஏறிவிடும்.

வெள்ளை சீட்டில் இளஞ்சிவப்பாகப் புள்ளிகள் வருவதையும் சொல்ல வேண்டும். எதையோ கொட்டிவிட்டோம் என்று நினைத்து ஆட்கள் பிளீச் வரைக்கும் போகிறார்கள். பிளீச் தையல் நூலை உளுத்துப்போகச் செய்யும். அதோடு கழிவறை கழுவும் அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சே திணறும். ஆனால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் மேலேயிருந்து வந்ததே அல்ல. தையல் துளை வழியே இறங்கிய தண்ணீர் சீட்டுக்குள் இருக்கும் ஸ்பொஞ்சில் தங்கி, அங்கே வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம்தான் கீழேயிருந்து ரெக்சினுக்குள் ஏறுகிறது. கடற்காற்றின் ஈரத்தில் ஸ்பொஞ்ச் எளிதில் காயாது. இதற்கு ரெக்சினின் மேல்பக்கத்தில் எதைத் தேய்த்தும் பயனில்லை. சீட்டைத் திறந்து, ஸ்பொஞ்சைக் காய வைத்து அல்லது மாற்றி, புது ரெக்சின் போட வேண்டும்.

துடைத்து முடித்ததும் மினுக்க வேண்டும் என்று சிலிக்கோன் பொலிஷ் கேட்கிறார்கள். அது சீட்டை வழுக்கச் செய்யும். காலி வீதியில் பஸ் குறுக்கே வந்து திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கிறவர் முன்னுக்குச் சறுக்குவார். அம்மாவையும் பிள்ளையையும் ஏற்றிப் போகிற வண்டிக்கு அதைப் பூசித் தரமாட்டேன் என்று கடையில் நேராகவே சொல்லிவிடுகிறேன்.