தீட்டு வரவில்லை என்று காத்திருக்காதீர்கள்

கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். ஸ்கேனில் அடுத்த கருவுக்குப் பதினோரு வாரம். "இன்னும் தீட்டே வரலையே மிஸ்ஸி, அது எப்படி?" கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தாய்சேய் கிளினிக்குகளில் மிஸ்ஸிகளிடம், அதாவது தாதியரிடம், இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை.

எத்தனையோ முறை சொல்லியாயிற்று, இன்னொரு முறையும் சொல்கிறேன். முட்டை முதலில், தீட்டு பிறகு. முட்டை வெளியாகி, கரு தங்காமல் போனால்தான், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத் தீட்டு வரும். பிரசவத்துக்குப் பின் வரும் முதல் முட்டை சொல்லிக்கொண்டு வராது. அதுவே கருவாகிவிட்டால் தீட்டை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். "தீட்டு வரட்டும், அப்புறம் கருத்தடை மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்று இருந்தவர்கள்தான் இரண்டாவது பிங்க் புத்தகத்தோடு (கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் பதிவுப் புத்தகம்) வந்து அழுகிறார்கள்.

தாய்ப்பால் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தீட்டு வந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது; பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் நூறில் இரண்டு பேருக்குக்கூடக் கரு தங்காது. ஒன்று தவறினாலும் இந்தக் கணக்கு செல்லாது. மருமகள் தூங்கட்டும் என்று மாமியார் பாசத்தோடு இரவுதோறும் கலக்கிக் கொடுக்கும் புட்டிப்பால் அதற்குப் போதும்.

பால் கொடுக்காதவர்களுக்குப் பிரசவமான 21ஆம் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். ஒரு மாதச் செக்கப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் தாமதம். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவெடுங்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யைப் பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். விட்டால் நாலு வாரம் பொறுக்க வேண்டும். கையில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்று வருடம் தாங்கும், பாலூட்டுபவர்களுக்கும் ஆகும். கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று; பாலூட்டினால் ஆறு வாரம் கழித்து.

அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள், தயவுசெய்து. அதில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் இருக்கும். பிரசவமான முதல் வாரங்களில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம், இது இன்னும் ஏற்றிவிடும். பாலூட்டுபவர்களுக்குப் புரோஜெஸ்டோஜென் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில். சில வகைகளில் மூன்று மணி நேரம் தாமதித்தாலே இரண்டு நாள் ஆணுறை வேண்டும்.

"வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று போகிறவர்களுக்கு: மாத்திரைக்கும் ஊசிக்கும் சட்டம் கணவர் கையெழுத்தைக் கேட்பதில்லை. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட பெண்களுக்கான ஐ.நா. உடன்படிக்கை, எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்று முடிவெடுப்பதில் பெண்ணுக்குச் சம உரிமை தருகிறது. அதற்கான தகவலும் வழிமுறையும் கிடைப்பதும் அந்த உரிமையில் அடக்கம்.

சக மிஸ்ஸிகளே, படிவத்தை நிரப்பிக்கொண்டே, மாமியார் கட்டிலோரம் நிற்கும்போது "ஃபேமிலி பிளானிங் வேணுமா?" என்று கேட்டால் "வேணாம்" என்றுதான் பதில் வரும். மாமியாரைப் பிள்ளையோடு எடை பார்க்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் லெவோனோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்னும் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஃபார்மசியில் மருந்தாளரிடமே கேட்டு வாங்கலாம்.

வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிங்க் புத்தகத்துக்குள் வைத்து நீட்டுங்கள். மிஸ்ஸி படித்துக்கொள்வார்.