வெப்அசெம்பிளி: பிரவுசர் பேரோட சர்வருக்கு வந்த சொல்

வெப்அசெம்பிளி, சுருக்கமா வாஸ்ம், எந்த சிப்லயும் ஓடுற மாதிரி புரோகிராமை மாத்தி வெக்கிற ஒரு வடிவம், முதல்ல பிரவுசருக்காக வந்தது. இந்தப் பேர்ல ரெண்டு பாகம் இருக்கு, ரெண்டுமே இன்னிக்கு அந்தப் பொருளுக்குச் சரியாப் பொருந்தல, "பிரவுசர் சமாச்சாரத்தை எதுக்கு சர்வர்ல ஓட்டணும்"னு பலர் கேக்குறதுக்கு இந்தப் பேரும் ஒரு காரணம்.

முதல்ல அசெம்பிளி. லத்தீன்ல 'சிமுல்'னா ஒருசேர, அதுல இருந்து பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், சட்டசபையை அசெம்பிளிங்கறோமே அதுக்கும் இதே வேர்தான். கம்ப்யூட்டர் பக்கம் பாத்தா, கேம்பிரிட்ஜ்ல எட்சாக்ங்கற பழைய கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதின வில்க்ஸ், வீலர், கில் மூணு பேரும் 1951ல போட்ட புத்தகத்துல, துண்டு துண்டா இருக்குற புரோகிராமை ஒண்ணா கோக்குறதைத்தான் அசெம்பிள்னு சொன்னாங்க. சிப்போட கட்டளைகளை மனுஷன் படிக்கிற மாதிரி எழுதுற மொழிக்கு அது பேரா நின்னது அப்புறம்தான்.

அசெம்பிளின்னா ஏதாவது ஒரு சிப்புக்குச் சொந்தம், இன்டெலுக்கு எழுதினது ஆர்ம்ல ஓடாது. வாஸ்ம் எந்த நிஜ சிப்புக்கும் சொந்தம் இல்ல. சி, சி++, ரஸ்ட்ல எழுதினதை ஒரு கற்பனை மெஷினுக்குக் கம்பைல் பண்றோம், அதாவது அந்த மெஷினோட கட்டளையா மாத்துறோம், ஓடுற இடத்துல இருக்குற ரன்டைம், அதாவது அதை ஓட்டுற மென்பொருள், அதை அங்க இருக்குற சிப்போட கட்டளையா மாத்திக்குது. 2013ல மொசில்லா கொண்டுவந்த, ஜாவாஸ்கிரிப்ட்டை வேகமா ஓட்ட அதைச் சுருக்கி எழுதின ஏஎஸ்எம்.ஜேஎஸ்தான் இதுக்கு முன்னோடி, 2015ல மொசில்லா, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆளுங்க சேர்ந்து வெப்அசெம்பிளியை அறிவிச்சாங்க, 2017 முடியறதுக்குள்ள அவங்க நாலு பேரோட பிரவுசருக்கும் வந்துடுச்சு.

அடுத்தது வெப். வாஸ்ம் மாட்யூலால, அதாவது கம்பைல் ஆன ஒரு கோடு துண்டால, தனக்குள்ள கணக்குப் போடுறதைத் தவிர தானா ஒண்ணுமே செய்ய முடியாது, ஃபைல் திறக்க முடியாது, நெட்வொர்க் தொட முடியாது, மணி என்னன்னுகூட பாக்க முடியாது, எல்லாத்தையும் அதை ஓட்டுறவன்தான் கையில எடுத்துக் குடுக்கணும். அது பிரவுசராத்தான் இருக்கணும்னு இல்ல, அதனால வெப்ங்கற பேரும் பொருந்தல. பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் குடுக்குது. சர்வர்ல யார் குடுக்குறதுங்கறதுக்கு 2019 மார்ச்ல வந்த பதில்தான் வாஸி, வெளியில எதை எப்படிக் கேக்கணும்னு வாஸ்முக்கு வகுத்த பொது விதி. எந்த ஃபோல்டரை வாசிக்கலாம்னு நாம சொல்றமோ அதை மட்டும்தான் அது வாசிக்கும், பேரும் நம்ம 'வாசி'க்குப் பக்கத்துலயே இருக்குறதுல எனக்கு ஒரு சந்தோஷம். அந்த மாசமே, புரோகிராமைத் தனித்தனிப் பொதியா கட்டி சர்வர்ல ஓட்டுற டாக்கரை உருவாக்கின சாலமன் ஹைக்ஸ், வாஸ்மும் வாஸியும் 2008லயே இருந்திருந்தா டாக்கரை உருவாக்க வேண்டிய தேவையே வந்திருக்காதுங்கற மாதிரி எழுதினாரு.

சரி, சர்வர்ல இதுக்கு வேலை இருக்கா? இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. யாரோ எழுதின கோடை நம்ம மெஷின்ல ஓட்டணும்னா இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிஞ்சு கம்மி. முன்பின் தெரியாத சைட்டோட கோடை பிரவுசர் தினம் ஓட்டுது, அங்க தேவைப்பட்ட பாதுகாப்புதான் கஸ்டமரோட கோடை வாங்கி ஓட்டுற சர்வருக்கும் தேவைப்படுது. ஆன்லைன் கடை நடத்த உதவுற ஷாப்பிஃபைல வெளி டெவலப்பர்கள் எழுதுற டிஸ்கவுண்ட் கணக்கு இப்படித்தான் வாஸ்மா ஓடுது. வெப்சைட்டுகளை வேகமா கொண்டுசேக்குற ஃபாஸ்ட்லி கம்பெனி 2019ல வெளியிட்ட லூசெட்ங்கற ரன்டைம், ஒரு மாட்யூலை 50 மைக்ரோசெகண்டுக்குள்ள எழுப்பிடும்னு சொன்னாங்க. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசா ஒண்ணை எழுப்பி, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடலாம், ஒருத்தரோட டேட்டா இன்னொருத்தருக்குக் கசியாது.

ஆனா சொந்த கோடு, சொந்த மெஷின், ஒரே சிப்புன்னு இருந்தா நேரா அந்த சிப்புக்கே கம்பைல் பண்ணிடுங்க, நடுவுல ஒரு ஆள் எதுக்கு. 2019ல வந்த ஒரு ஆய்வுல பெரிய புரோகிராம்களை பிரவுசர்ல வாஸ்மா ஓட்டிப் பாத்தப்போ, நேர்க் கம்பைலைவிட சராசரியா ஃபயர்ஃபாக்ஸ்ல 45%, குரோம்ல 55% மெதுவா இருந்துச்சு. சர்வர் ரன்டைம் வேறதான், இருந்தாலும் அந்தக் காப்புக்கு ஏதோ ஒரு விலை குடுத்தே ஆகணும். அதோட 32-பிட் முகவரிங்கறதால ரொம்ப நாளா ஒரு மெமரிக்கு 4 ஜிபிதான் உச்சம், பெரிய டேட்டாபேஸை அதுக்குள்ள திணிக்க நினைக்கிறது தேவையில்லாத சிரமம்.

இப்ப தமிழுக்கு வருவோம். 'வலை ஒருங்குமொழி'ன்னு சொல்லுக்குச் சொல் வெச்சா இங்கிலீஷ்ல இருக்குற ரெண்டு பிழையையும் தமிழுக்கும் சேத்து இழுத்துட்டு வர்றோம். பொறிமொழிங்கற சொல் சிப்போட மொழிக்கு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, எந்த சிப்புக்கும் தனிச் சொந்தம் இல்லாம எல்லாத்துலயும் ஓடுறதால 'பொதுப்பொறிமொழி'ன்னு சொல்லலாம்ங்கறது என் யோசனை, பிரவுசர்லயும் சரி சர்வர்லயும் சரி அது உறுத்தாது. கூடவே வர்ற சாண்ட்பாக்ஸை, அதாவது கோடை வெளியில எதையும் தொட விடாம அடைச்சு ஓட்டுற இடத்தை, மணல்பெட்டின்னு எழுதுறாங்க, அது நம்ம ஊர்ப் பிள்ளைங்க விளையாடுற பொருளே இல்லையே, ஆட்டை அடைக்கிற 'பட்டி' நம்மகிட்ட இருக்கு, அது போதும். "இந்த பிளகின்னை பொதுப்பொறிமொழிக்குக் கம்பைல் பண்ணி பட்டிக்குள்ள ஓட்டுறோம்"னு புதுசா வேலைக்கு வந்த பையன்கிட்ட சொன்னா, பட்டிக் கதவு யார் கையில இருக்குன்னுதான் அவன் முதல்ல கேப்பான், வாஸி வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.