கறிக்கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும்: "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுல்லா வளக்கானுவ." அது வெறும் வதந்தி. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள். ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள்கூலியே கட்டுப்படியாகாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தாலும் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோவைத் தாண்டுவது, பல தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். கவலைப்பட வேண்டியது, பாக்டீரியாவை ஒடுக்கும் மருந்தான ஆன்டிபயாடிக்கைப் பற்றி. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

1940களின் கடைசியில் அமெரிக்காவில், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் வேகமாக எடை போடுவதைக் கவனித்தார்கள். அப்புறம் உலகம் முழுக்க, நோயில்லாத கால்நடைக்கும் தினமும் கொஞ்சம் மருந்து போக ஆரம்பித்தது.

அந்தக் 'கொஞ்ச'த்தில்தான் வினையே இருக்கிறது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. ஒன்றிரண்டுக்குத் தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் சக்தி வந்திருக்கும். குறைந்த அளவு மருந்து மற்றவற்றை ஒடுக்க, இவை மட்டும் பெருகும். வசதியான சூழலில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். போதாக்குறைக்கு, எதிர்ப்பு மரபணு பலசமயம் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பதுபோல, பாக்டீரியா அந்த வளையத்தை வேற்றினத்துக்கும் நகலெடுத்துக் கொடுக்கும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே மற்றவற்றுக்கான எதிர்ப்பும் நிலைத்துவிடும்.

கொலிஸ்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் விட்டிருந்த பழைய மருந்து. மற்ற மருந்துகள் கேட்காமல் போனதும் ஐ.சி.யூ.வில் கடைசிக் கையிருப்பாகத் திரும்பி வந்தது. அதே மருந்து பண்ணைத் தீவனத்திலும் போய்க்கொண்டிருந்தது! 2015 நவம்பரில், பிளாஸ்மிட்டில் பயணிக்கும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைச் சீனப் பன்றிகளிலும் கறியிலும் நோயாளிகளிலும் கண்டதாக ஆய்வு வெளியானது. 2017இல் சீனா கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து விலக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பன்றிகளிலும் மனிதர்களிலும் அந்த மரபணு குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக் கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

இந்தக் கிருமிகள் நம்மிடம் எப்படி வருகின்றன? நன்றாக வெந்த கறியில் பாக்டீரியா பிழைக்காது. பச்சைக்கறி வெட்டிய கத்தியிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால் கதை வேறு. கொடுத்த மருந்தில் கணிசமான பங்கு எச்சத்தோடும் வெளியே வருகிறது. வாழைக்குப் போடும் கோழி எரு சூடேறி நன்றாக மட்கியிருந்தால் கிருமிகள் பெருமளவு செத்திருக்கும். பச்சையாகக் கொட்டினால் மழைத்தண்ணீரோடு குளத்துக்குப் போகும். கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் கோழிக்கழிவு லாரிகள் பிடிபடும்போது நாற்றத்தைப் பற்றித்தான் சத்தம் போடுகிறோம். மூக்குக்குத் தெரியாத சரக்கும் அதில் இருக்கிறது.

சரி, மாட்டுக்கு வருவோம். மடியில் கிருமி தொற்றி வரும் மடிவீக்கத்துக்குக் காம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால், மருந்து அட்டையில் போட்டிருக்கும் நாள்வரை பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. அப்படிப்பட்ட பாலில் உறை ஊற்றினால் சிலநேரம் தயிரே ஆகாது; தயிராக்கும் பாக்டீரியாவை மருந்து தடுத்துவிடும். கறந்ததைக் கீழே கொட்டுவது ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் பெரிய நஷ்டம். அதனால் கிருமி வராமல் பார்ப்பதே லாபம்: கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பது, கொஞ்சநேரம் மாட்டைப் படுக்கவிடாமல் தீனி போடுவது. தொடக்கநிலை மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. வீக்கம் வடியாமல் காய்ச்சலும் வந்துவிட்டால் கால்நடை மருத்துவர்தான் கதி. அப்போதும் பாலைப் பரிசோதித்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துப் போடச் சொல்லிக் கேட்கலாம்.