நிறத்தைப் பார்த்துத் தட்டானுக்குப் பெயர் வைக்காதீர்கள்

காப்பகத்துக்கு வருபவர்களைக் குளக்கரைக்கு அழைத்துப்போவது என் வேலை. திரும்பும்போது பலர் குறிப்பேட்டை நீட்டுவார்கள்: சிவப்புத் தட்டான் ஒன்று, மஞ்சள் தட்டான் ஒன்று, ஆக இரண்டு இனம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். குரோகோதெமிஸ் சர்விலியா என்ற இனத்தில் முதிர்ந்த ஆண் ரத்தச் சிவப்பு, பெண் மஞ்சள். இளம் ஆணும் மஞ்சள்தான்! தொடக்கத்தில் நானும் இதில் ஏமாந்தவன்தான்.

ஆகவே முதலில் உடலமைப்பு. உட்காரும்போது இறக்கையை விரித்தபடி வைத்திருந்தால் தட்டான். முதுகின்மேல் சேர்த்து மடித்தால் ஊசித்தட்டான். சில ஊசித்தட்டான்கள் விரித்தும் உட்காரும். அங்கே கண்கள் கைகொடுக்கும்: ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு பக்கமும் தள்ளி நிற்கும். தட்டான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோம்ஃபிடே போன்ற சில தட்டான் குடும்பங்கள் விலக்கு. கண்கள் விலகியிருந்தாலும் உடல் தடித்தது. ஆணா பெண்ணா என்றால், வயிற்றின் இரண்டாம் கண்டத்துக்கு அடியில் புடைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆண்.

படம் எடுக்கிறவர்கள் மேலிருந்து ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டுப் படம் கட்டாயம் வேண்டும். மார்பின் கோடுகளும் வால்நுனியின் கொக்கிகளும் இல்லாமல் எத்தனையோ படங்களைப் பெயரிட முடியாமல் ஒதுக்கியிருக்கிறேன். துரத்தவும் வேண்டாம். குச்சியில் உட்கார்ந்து வேட்டையாடும் இனங்கள் பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பிவிடும். அசையாமல் நின்றால் போதும்.

காலையில் நாணல் தண்டில் வெளிறிய உடலும் கண்ணாடிபோல் பளபளக்கும் இறக்கையுமாக ஒன்று தொங்கினால், அது இப்போதுதான் தோலுரித்தது. தொடாதீர்கள். அந்நேரம் நசுங்கும் இறக்கை பிறகு நேராகாது. கரையோரச் செடிகளை மிதிக்க வேண்டாம் என்று நான் நச்சரிப்பதும் இதற்காகத்தான்.

பக்கத்துத் தண்டில் காலிச் சட்டைபோல் பழைய தோல் ஒட்டியிருக்கும். எனக்கு அதுதான் அன்றைய பெரிய கண்டுபிடிப்பு. பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பண்டாலா ஃப்ளாவெசன்ஸ் என்ற தட்டான் இனம் கடலையே தாண்டுகிறது. தோல் கிடந்தால், அந்த இனம் இந்த நீரில்தான் வளர்ந்தது என்று பொருள். உரித்த தோலையும் படம் எடுத்து, எந்தச் செடியில், நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று குறித்துக் கொடுங்கள்.