நின்றபடியே நெரிபடும் உயிர்கள்: அரங்க வாயில்களின் கணக்கு

சென்ற மாதம் பெங்களூரில் ஓர் உள்ளரங்கில் நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிக்கு முன்தினம், வழக்கம்போல் வாயில்களைப் பார்வையிடச் சென்றேன். 6,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் வெளியேறுவதற்குத் தலா 3 மீட்டர் அகலத்தில் நான்கு கதவுகள் உண்டு. அவற்றுள் இரண்டில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியது. காரணம் கேட்டபோது, டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடக்கூடாது என்றும், நான்கு கதவுகளுக்கும் ஆள் போடுவது கட்டுப்படியாகாது என்றும் ஏற்பாட்டாளர் தரப்பில் பதில் வந்தது. அரங்க நிர்வாகத்தில் இருக்கும் இத்தனை ஆண்டுகளில் இதே பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இம்முறை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தின் வாயில்களில் 2025 ஜூன் 4 அன்று கூட்ட நெரிசலில் சிக்கி 11 பேர் உயிரிழந்த நகரத்தில், அரங்கம் நடத்துகிறவர்களே இப்படிப் பேசினால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்த ஜூன் மாதம் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நம்ம ஜனங்களுக்கு வரிசையில நிக்கத் தெரியலையே தம்பி. அடிச்சுப் புடிச்சு ஓடினா இப்படித்தான் ஆகும்" என்றார். அவர் மட்டுமன்று, படித்தவர்களும் அதிகாரிகளும் தொலைக்காட்சி விவாதங்களில் அமர்ந்திருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். கன்னடச் செய்திகளில் வரும் 'கால்துளித' என்ற சொல்லுக்குக் காலால் மிதிபடுதல் என்று பொருள். 'ஸ்டாம்பீட்' என்ற ஆங்கிலச் சொல்லோ மிரண்டு ஓடும் மாட்டு மந்தையைக் குறிப்பது. தமிழில் நாம் வழங்கும் 'நெரிசல்' என்ற சொல்தான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் "முண்டியடித்து ஓடியதால்" என்று சேர்த்து எழுதி, அந்தச் சொல்லின் உண்மையையும் கெடுத்துவிடுகிறோம்.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். கூட்டத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை; மூச்சு விட இடமில்லாமல், பலர் நின்றபடியே இறக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு விரிந்தாக வேண்டும். நான்கு பக்கமும் உடல்கள் அழுத்தும்போது அது விரிய முடியாது. ஒரு சதுர மீட்டரில் 7 பேர் அளவுக்கு நெருக்கம் கூடிவிட்டால், கூட்டம் தனித்தனி மனிதர்களாக இருப்பதை விட்டு ஒரு திரவத்தைப் போல அசையத் தொடங்குகிறது என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் எழுதினார். அந்த நிலையில் கூட்டத்தினூடே பாயும் அலை ஒருவரைத் தரையிலிருந்து தூக்கி 3 மீட்டர் தொலைவுக்குக்கூடத் தள்ளிவிடும். செருப்புகள் காலிலிருந்து கழன்றுபோகும். மறுநாள் நாளிதழில் குவியலாகக் கிடக்கும் செருப்புகளின் படத்தைப் பார்த்துவிட்டு மக்கள் தலைதெறிக்க ஓடியதாக எழுதுகிறோமே, அவற்றில் பல ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் நின்றவர்களுடையவை. இரும்புக் கம்பித் தடுப்புகளும் வளைந்துபோகின்றன. சுமார் 450 கிலோ எடைக்கு நிகரான விசை இருந்தால்தான் அவை அப்படி வளையும். இவ்வளவு விசையை எந்தத் தனிமனிதரும் வேண்டுமென்று தருவதில்லை. பின்னால் நிற்பவர் அரை அடி முன்னே நகர்கிறார், அவருக்குப் பின்னால் நிற்பவரும் அப்படியே செய்கிறார். முன்வரிசையில் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பது இருபது அடி பின்னால் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. வாயில் மூடியிருக்கிறது என்ற செய்தியாவது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஒழுக்கத்தைக் குறை சொல்பவர்கள் ஹில்ஸ்பரோவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த கால்பந்துப் போட்டியில், மைதானத்துக்கு வெளியே சேர்ந்த நெருக்கடியைக் குறைக்க ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்களைப் பக்கவாட்டுப் பகுதிகளுக்குத் திருப்பிவிட யாரும் இல்லாததால், எதிரே தெரிந்த சுரங்கப்பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள் எல்லோரும் சென்றார்கள். அந்த விபத்து 97 உயிர்களைக் கொண்டுபோனது. பழியை ரசிகர்களின் குடிப்பழக்கத்தின் மீது போட்டார்கள். அவர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று மரண விசாரணையின் நடுவர் குழு (ஜூரி) சொல்வதற்கு 2016 வரை, அதாவது 27 ஆண்டுகள் ஆயின. கதவைத் திறப்பது மட்டுமே தீர்வாகாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்: திறந்த கதவு மக்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெரியாமல் திறக்கக்கூடாது.

இனி, என் துறையினருக்கு. ஓர் அரங்கின் கொள்ளளவு என்பது நாற்காலிகளின் எண்ணிக்கை என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்பாக எத்தனை பேரை வைத்திருக்க முடியும், எத்தனை பேரை உரிய நேரத்துக்குள் உள்ளே விட முடியும், எத்தனை பேரை வெளியே அனுப்ப முடியும், ஆபத்து வேளையில் எத்தனை பேரை அகற்ற முடியும் என்ற நான்கு எண்களில் எது மிகச் சிறியதோ அதுவே கொள்ளளவு. பிரிட்டனின் விளையாட்டு மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம். வெளியேறும் நேரம் 8 நிமிடங்களைத் தாண்டக்கூடாது. நான் பார்த்த அரங்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நான்கு கதவுகளும் திறந்திருந்தால் 12 மீட்டர், அதாவது 8 நிமிடங்களில் 7,872 பேர் வெளியேறலாம். இரண்டைப் பூட்டினால் 3,936 பேர். டிக்கெட் விற்றதோ 6,000. மிச்சமிருக்கும் 2,064 பேரையும் புகைக்குள் காத்திருக்கச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். இரண்டு மணி நேர வாதத்துக்குப் பிறகு சங்கிலியைக் கழற்றினார்கள்.

புகை என்று சொன்னது மிகையன்று. தில்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மேலே ஏறியது. பால்கனியில் கூடுதல் இருக்கைகளுக்காக ஒரு பக்கத்து வெளிவழியையே அடைத்திருந்தார்கள். இருக்கை கூடினால் வருமானம் கூடும் என்ற அந்தக் கணக்கு இன்றும் எங்கள் கூட்டங்களில் வெவ்வேறு பெயர்களில் வருகிறது.

உள்ளே விடும் வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே பிரிட்டன் வழிகாட்டி, ஒவ்வொருவராக உள்ளே விடும் ஒரு சுழல்கதவு வழியே ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 660 பேர் என்கிறது. 20,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 31 சுழல்கதவுகள் வேண்டும். பையைத் திறந்து துழாவும் நம் ஊர்ப் பரிசோதனையில் அந்த வேகத்தில் பாதி வந்தாலே பெரிது. இந்நிலையில் ஒலிச்சோதனை முடியவில்லை என்று வாயில் திறப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது மன்னிக்க முடியாத செயல். போதாதற்கு மே மாதத்து மாலை மழை திடீரென்று கொட்டினால், கூரையுள்ள ஒரே இடமான வாயிலை நோக்கித்தான் எல்லோரும் வருவார்கள்; அதற்கும் திட்டம் வேண்டும். கட்டணமில்லை, எல்லோரும் வாருங்கள் என்று காலையில் அறிவித்துவிட்டு மாலையில் தடுப்புக் கம்பி வைப்பதைக் கூட்ட மேலாண்மை என்று யாரும் அழைக்க வேண்டாம்.

பார்வையாளர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். வாயிலில் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது இணையம் கிடைக்காது. வந்த வழியைத் தவிர இன்னொரு வழியையும் பார்த்து வைத்துக்கொண்டு அமருங்கள். நான்கு பக்கமும் பிறர் உடல் தொடுகிறது, கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால், அதுவே கிளம்ப வேண்டிய கடைசி நேரம். நிகழ்ச்சி எவ்வளவு அருமையாக இருந்தாலும் கிளம்புங்கள். சிக்கிவிட்டால் குத்துச்சண்டை வீரரைப் போல இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காதீர்கள். அதனுடன் சென்று, அது ஓயும்போது பக்கவாட்டில், சாய்வாக, ஓரத்தை நோக்கி நகருங்கள். சுவரையும் தடுப்புக் கம்பியையும் ஒட்டி நிற்காதீர்கள். கைப்பேசி கீழே விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். பின்வரிசையில் இருந்தால், முன்னால் ஏதோ தடைப்படுகிறது என்று தோன்றியதுமே இரண்டு அடி பின்னால் நகர்ந்து, உங்களுக்குப் பின்னால் இருப்பவரையும் நகரச் சொல்லுங்கள். சிறு குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்று பார்க்கும் கூட்டத்துக்கு வராதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அரங்குக்குள் அமர்ந்த பிறகு, வெளிவழி என்று எழுதியிருக்கும் கதவு பூட்டியிருப்பதைக் கண்டால், நிகழ்ச்சி தொடங்கும் முன்பே ஊழியரை அழைத்துத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள். அழைத்துவிட்டு, குடும்பத்தோடு வெளியே வந்துவிடுங்கள்.