உப்பு இதயத் துடிப்பை எந்த வழியாகத் தொடுகிறது?

1882-ஆம் ஆண்டு லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உடலிலிருந்து தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சமையல் உப்பு கரைத்த தண்ணீரே போதும், இதயம் வெகுநேரம் துடிக்கும் என்று அவர் எழுதினார். அப்புறம்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யவில்லை, குழாய்த் தண்ணீரில் செய்திருந்தார்கள். வடிநீரில் செய்து பார்த்தபோது துடிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. மறு ஆண்டே ரிங்கர் தன் முடிவைத் திருத்தி எழுதினார். உப்பிலிருக்கும் சோடியம், அதோடு பொட்டாசியம், கால்சியம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருந்தால்தான் துடிப்பு சீராக ஓடும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. இன்றும் மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் ஒரு திரவத்துக்கு அவர் பெயர்தான்.

உப்பு அதிகம் சாப்பிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகுமா என்று பலர் கேட்கிறார்கள். பதில் சொல்ல ரிங்கரின் அந்தக் கரைசலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

இதயத் தசைச் செல் ஒவ்வொன்றும் உப்புநீரில் மிதக்கிறது. செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் (கரைந்துள்ள அளவைச் சொல்லும் அலகு), உள்ளே 10 அளவுக்குத்தான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதில்லை. செல்லின் படலத்தில் இருக்கும் ஒரு புரதப் பம்பு ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌவுக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பம்பு இப்படிச் சேர்த்து வைக்கும் விசைதான் துடிப்பாகச் செலவாகிறது. மின்தூண்டல் வந்ததும் சோடியத்துக்கான வாயில்கள் திறக்கின்றன. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்து கால்சியம் நுழைந்து தசையைச் சுருங்க வைக்கிறது. கடைசியில் பொட்டாசியம் வெளியேற, செல் பழைய நிலைக்கு வந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இதை யார் தொடங்கி வைக்கிறார்கள்? வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு செல்கூட்டம் இருக்கிறது. அங்கே சோடியம் பாய்வதில்லை, மெல்லக் கசிகிறது. அந்தக் கசிவு செல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டிவிட, ஓர் எல்லை வந்ததும் துடிப்பு பிறக்கிறது. வழக்கமான மின்னோட்டங்களைப் போல் அது நடந்துகொள்ளாததால், 1979-இல் அதை ஆராய்ந்தவர்கள் ‘விசித்திர மின்னோட்டம்’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்புகளுக்கு இந்தக் கசிவுதான் அடித்தளம்.

சோடியத்துக்கு இவ்வளவு பங்கு இருக்கிறதென்றால், தட்டில் உப்பு கூடினால் துடிப்பும் மாறத்தானே வேண்டும்? அப்படி நடப்பதில்லை. ரத்தத்தில் சோடியத்தின் செறிவை 135-க்கும் 145-க்கும் இடையில் உடல் கட்டிக் காக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பை வடிகட்டி, அதில் 99 சதவீதத்துக்கும் மேல் ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. அவ்வளவு உப்பைக் கையாளும் உறுப்புக்கு, உணவில் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிப்பது பெரிய வேலை இல்லை. உப்பு கூடினால் தாகம் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறோம், செறிவு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஆனால் குடித்த தண்ணீர் உள்ளே தங்குகிறது. 9 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்றும்வரை நீரும் போகாது. உப்பு மாற்றுவது செறிவை அல்ல, கொள்ளளவை. இதயத்துக்கான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

நாளுக்கு நாள் கூடுதல் உப்பு போய்க்கொண்டே இருந்தால், பலருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. வயதானவர்களுக்கும், ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டிய இடது கீழறை தடித்துப்போகிறது, விறைத்தும் போகிறது. விறைத்த அறைக்குள் ரத்தத்தை இறக்க, அதற்கு மேலே இருக்கும் இடது மேலறை திணறுகிறது. மேலறையின் சுவர் மெல்லியது. ஆண்டுக்கணக்கில் இழுபட்டு இழுபட்டு அது விரிகிறது, தசைகளுக்கு நடுவே தழும்பு போன்ற நார்த்திசு படிகிறது.

தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. சீராகப் பரவ வேண்டிய மின் அலை அங்கே தடுக்கப்பட்டு, சுற்றிக்கொண்டு போகிறது, வேகம் குறைகிறது, சில நேரம் வந்த வழிக்கே திரும்பிச் சுழலத் தொடங்குகிறது. இந்த நிலையில் எங்கிருந்தோ ஒரு தவறான பொறி வந்தால் போதும். பெரும்பாலும் அந்தப் பொறி நுரையீரலிலிருந்து மேலறைக்கு வரும் சிரைகளின் வாயில் பிறக்கிறது என்று பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இப்படித்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருகிறது. மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வெறுமனே நடுங்கும், சுருங்காது. கீழே இறங்கும் தூண்டல்களில் ஒரு பகுதிதான் கீழறையை எட்டுவதால், கையில் நாடி ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாக அடிக்கும். இதில் எனக்குப் பெரிய கவலை தருவது படபடப்பு அல்ல. நடுங்கும் மேலறையின் ஒரு மூலைப் பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருந்தால் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே இது இருக்கும்.

ஆக, நேற்றிரவு சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதால் இன்று படபடக்கிறது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. தூக்கமின்மை, மது, காய்ச்சல், பதற்றம், தைராய்டு என்று படபடப்புக்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன. இதயம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களின் கதை மட்டும் வேறு. அவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் உப்பே நீரைத் தேக்கி மூச்சுத் திணற வைக்கலாம். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: எழுந்து நின்றாலே இதயம் மிக வேகமாக அடிக்கும் ஒரு கோளாறு உண்டு. அதில் ரத்தத்தின் கொள்ளளவைக் கூட்ட, உப்பை அதிகமாகச் சேர்க்கும்படி மருத்துவர்களே சொல்வதுண்டு. மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால், பொதுவான அறிவுரையைக் கேட்டு உப்பைக் குறைக்க வேண்டாம்.

துடிப்பை நேரடியாக, சில மணி நேரத்திலேயே மாற்றக்கூடியது பொட்டாசியம். உடலிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் இரண்டு சதவீதம்தான் செல்களுக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்ற குறுகிய வரம்பு. கடும் வயிற்றுப்போக்காலோ, சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளாலோ அது குறைந்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. இடையில் முறை தவறிய துடிப்புகள் புகுகின்றன. அளவுக்கு மேல் கூடினாலோ மின்னோட்டம் மந்தமாகி, இதயம் நின்றே போகலாம்.

உப்பையும் பொட்டாசியத்தையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. பாக்கெட்டில் வரும் உணவுகளில் பெரும்பாலும் சோடியம் ஏறியிருக்கிறது, பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. பழம், காய்கறி, பருப்பு வகைகளில் நிலைமை தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பும், குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியமும் என்று சொல்கிறது. உலகச் சராசரி உப்போ 11 கிராமை நெருங்குகிறது.

உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்தால் என்ன ஆகும் என்று சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும், அழுத்தம் அதிகமான முதியவர்களுமே இதில் பங்கேற்றார்கள். முக்கால் பங்கு சாதாரண உப்பு, கால் பங்கு பொட்டாசியம் உப்பு. 2021-இல் வெளியான முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சமைக்கும் விதத்தை மாற்றாமல், டப்பாவிலுள்ள உப்பை மட்டும் மாற்றி இவ்வளவு கிடைத்தது என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

ஆனால் இந்த மாற்று உப்பு எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரக நோய் உள்ளவர்களின் உடலால் கூடுதல் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கும். ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில், லோசார்டன் போன்றவை அந்த வகை. சிறுநீரக நோய் உள்ளவர்களும், இவற்றில் எதையாவது எடுப்பவர்களும், ‘சோடியம் குறைந்தது’ என்று எழுதிய உப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்து, பொட்டாசியம் குளோரைடு என்ற பெயர் இருந்தால், மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, அதன் பிறகே வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.