பரிசேஷணம் எறும்புக்குப் போடும் வேலி அல்ல

சாப்பிடும் முன் இலையைச் சுற்றி நீர் வார்ப்பது எறும்பு வராமலிருக்கத்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. மேஜைக்கு எறும்பு எங்கே வரப்போகிறது என்று பிள்ளைகளும் வழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஹோமத்தில் ஆகுதி, அதாவது தீயில் இடும் படையல், இடுமுன் அக்னியைச் சுற்றி நீர் வார்ப்பதற்கும் பரிசேஷணம் என்றுதான் பெயர். அங்கே எந்த எறும்பைத் தடுக்கிறோம்?

இதன் உட்பொருளை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. சாந்தோக்ய உபநிஷதத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எல்லா உயிருக்குள்ளும் இருக்கும் ஆத்மாவான வைசுவானரனை அறிய வந்த உத்தாலக ஆருணி முதலானோருக்குக் கேகய மன்னன் அசுவபதி உடம்பையே யாகசாலையாகக் காட்டுகிறான். மார்பு வேதி என்னும் யாகமேடை, மயிர் தர்ப்பை. யாகத்தின் மூன்று தீக்களில் இதயம் கார்ஹபத்யம், மனம் அன்வாஹார்யபசனம், வாய் ஆஹவனீயம். காலையும் மாலையும் தீயில் செய்யும் அக்னிஹோத்திரம் இப்படிச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது.

செய்முறை சிறியதுதான். அன்னமும் நெய்யும் பரிமாறியபின் வலது கையால் நீரை வலமாகச் சுற்ற வேண்டும். பகலில் ‘ஸத்யம் த்வர்தேன பரிஷிஞ்சாமி’, இரவில் ‘ருதம் த்வா ஸத்யேன பரிஷிஞ்சாமி’. பிறகு ‘அம்ருதோபஸ்தரணமஸி’ என்று ஒரு வாய் நீர். வரப்போகும் அன்னத்துக்கு அது விரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் ‘அம்ருதாபிதானமஸி’ என்று பருகும் நீர் மூடி. நடுவில் உடம்பை இயக்கும் உயிர்க்காற்றுகளான பிராணன் முதலிய ஐந்து வாயுக்களுக்கும், வழக்கப்படி பிரம்மத்துக்கும், ‘ஸ்வாஹா’ சொல்லிப் பல்லில் படாமல் விழுங்கும் ஆகுதிகள். யஜுர் வேத வழக்கில் பிராணனுக்கு அடுத்தது அபானன், சாந்தோக்யத்தில் வியானன். இரண்டும் சரியே, உங்கள் வீட்டு வரிசையை மாற்ற வேண்டாம்.

தவறுவது பெரும்பாலும் அளவிலும் அவசரத்திலும்தான். ஒரு ஆகுதிக்கு நாலைந்து பருக்கை போதும். கவளமாக எடுத்தால் மென்றுதான் ஆக வேண்டும். போனைப் பார்த்தபடி ஆறு மந்திரத்தையும் ஒரே மூச்சில் சொன்னால், எது யாருக்குப் போனது என்பதே மனத்தில் நிற்காது. முதல் ஆகுதியில் பிராணன் நிறைந்தால் கண் நிறையும், அதனால் சூரியன், அதனால் வானுலகம் என்று உபநிஷதம் கொண்டுபோகிறது. என் பசி என்று உட்கார்ந்தவனை உலகத்தின் பசிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சி இது. இதை அறியாமல் செய்யும் அக்னிஹோத்திரம் தணலை ஒதுக்கிவிட்டுச் சாம்பலில் இட்டது போல என்கிறது அதே நூல்.

அறிந்தவன் மிச்சத்தைச் சண்டாளனுக்குக் கொடுத்தாலும் அது வைசுவானர ஆத்மாவில் இட்ட ஆகுதியே என்றும் அங்கேயே இருக்கிறது. மந்திரத்தைப் பிசகாமல் சொல்லிவிட்டு, வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனித் தம்ளர் வைப்பவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

விழுங்கச் சிரமப்படும் முதியவர்களும் சின்னக் குழந்தைகளும் ஆகுதியை மென்றே சாப்பிடட்டும். பல்லில் படக்கூடாது என்பதற்காகப் புரையேற விடக்கூடாது.